வலி இல்லை என்று சொன்னவள்

கோணி ஊசியின் காதில் நைலான் நூல் நுழைந்ததும் அந்தக் கைகள் மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து நூல் நெடுக இழுத்தன. மெழுகு ஏறாத நூல் இந்த மலையின் பனியில் ஈரம் குடித்துச் சீக்கிரமே நைந்துவிடும். கிழிசலின் ஓரங்களை லைட்டர் நெருப்பில் காட்டி, பிசிறுகள் சுருண்டு கறுத்ததும் கட்டை விரலால் அழுத்தின. அடியில் ஒட்டுத்துணி வைத்து முதலில் ஓட்டுத் தையல் ஒரு வரிசை. பிறகு அதே வழியில் திரும்பி வந்து விட்ட இடைவெளிகளையெல்லாம் அடைக்கும் இன்னொரு வரிசை. குளிரில் விரல் நுனி மரத்துப்போனபோது அக்குளில் செருகிச் சூடேற்றிக்கொண்டு மறுபடியும் ஊசியை எடுத்தன.

தைக்கப்படுவது கொழுந்து வெட்டும் மிஷினின் பை. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் மிஷினைப் பிடித்துத் தேயிலைச் செடிகளின் தலைக்கு மேல் நடத்திக்கொண்டு போவார்கள். வெட்டுப்பட்ட கொழுந்து காற்றில் தள்ளப்பட்டு, பின்னால் இழுபட்டு வரும் நீளப் பைக்குள் விழும். மூன்றாவது ஆள் பையின் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அந்த ஆளின் கவனம் பிசகினால் பை குச்சியில் மாட்டிக் கிழியும்.

வாசல்படிக்கு உள்ளே, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள் பவளம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு முன்னால் போகும் பாதையிலிருந்து பார்த்தால் இவ்வளவுதான் தெரியும்: நல்ல நிறம், நல்ல உடம்பு, ஓயாமல் ஓடும் இரண்டு கைகள்.

மலாய் நாட்டு மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்தில் அவளும் ஒரு காலத்தில் மிஷினின் ஒரு பக்கம் பிடித்தவள். மறுபக்கம் வடிவம்மாள். ஒரு மழை நாளில் வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானில் கால் வழுக்கி மிஷினோடு விழுந்ததில் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி போயிற்று. ஈப்போவில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் உட்காரலாம், கொஞ்ச நேரம் மெதுவாக நடக்கலாம். அந்தக் கொஞ்ச நேரம் எப்போது முடியும் என்று அவளுக்கே தெரியாது. முடிந்துவிட்டால் இடுப்பிலிருந்து இடது காலுக்குள் நெருப்பு இறங்கும். படுத்தே ஆக வேண்டும். படுக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வாள். அதனால் அவள் உட்கார்ந்திருப்பதை ஊரே பார்த்தது. படுத்திருப்பதை யாரும் பார்த்ததில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்ததில் ஊனமுற்றோருக்கான ஓகேயு கார்டு கிடைத்தது. மாதாமாதம் உதவித்தொகை வர ஆரம்பித்தது. லயத்தில் அதற்கு வெல்பேர் காசு என்று பெயர். புருஷன் இல்லை. மகள் அன்பரசியோடு, மருமகன் ரூபனின் பேரில் இருந்த வீட்டில்தான் இருந்தாள். ரூபன் தோட்டத்து லோரி ஓட்டுபவன், நல்லவன். ஆனாலும் அரிசியும் எண்ணெயும் தன் பணத்தில் வாங்கி வைத்துவிட்டால்தான் மருமகன் வீட்டுச் சோறு பவளத்துக்குத் தொண்டையில் இறங்கும்.

அந்தப் பணம் வந்த பிறகு அவள் எப்படி இருக்க வேண்டும் என்பதை மற்றவர்கள் முடிவு செய்தார்கள். ஒருமுறை ரிங்லெட் கடையில் கோழி வாங்கினாள். "வெல்பேர் காசு இறங்கிருச்சு போல, கோழி பறக்குது" என்றது பின்னால் ஒரு குரல். அதன் பிறகு தெரிந்தவர்கள் கடையில் இருந்தால் நெத்திலி மட்டும் வாங்கினாள். குழாயடியில் யாரோ சொன்ன பகடிக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வலி உள்ளவள் சிரிக்கிற சிரிப்பா இது என்று அதுவும் பேச்சாயிற்று. உடம்பு ஒத்துழைக்கும் நாட்களில் கம்பு இல்லாமலே நடக்க முடியும். ஆனால் கம்பு இல்லாமல் போனால் கேள்வி வரும் என்று அந்த நாட்களிலும் ஊன்றிக்கொண்டு போனாள். முடியாத நாட்களில் வெளியே போகவே இல்லை.

வடிவம்மாள் மறைத்துப் பேசுகிறவள் அல்ல. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால், பாவாடையைத் தூக்கிக் காட்டியே சொன்னாள்.

"இந்தா பாரு என் முட்டிய. பப்பாளி மாதிரி வீங்கிக் கெடக்கு. இதோடதான் மேடு ஏறுறேன். எனக்கு எந்த கவர்மெண்டு காசு தருது? பவளம் நல்லவதான், நான் இல்லேங்கல. ஆனா ஒக்காந்த எடத்துல காசு வந்தா யாருக்குத்தான்லா எந்திரிக்க மனசு வரும்?"

இது காதுக்கு வந்த பிறகுதான் பவளம் கிழிந்த பைகளை வாங்கித் தைக்க ஆரம்பித்தாள். கூலி கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தாள். இப்போது, தைக்கிற கை வேலை செய்யாதா என்று கேட்டார்கள்.

போன வருஷம் அன்பரசிக்குப் பிரசவம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. பனி மூடிய வளைவுகளில் ஆம்புலன்ஸ் தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறங்கியது; ரூபன் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனான். வீட்டில் தனியாக இருந்த பவளம் மாரியம்மன் படத்துக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாயையும் புள்ளையையும் வீட்டுக்கு அனுப்பு ஆத்தா. மூணு வருஷம் பால்குடம் எடுக்கறேன். என் காலால நடந்து வந்து ஊத்தறேன்."

இரண்டு பேரும் வந்தார்கள். குழந்தைக்கு அகிலன் என்று பெயர் வைத்தார்கள்.

நேர்ந்தவர் எடுக்க வேண்டும். எடுத்ததைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த முறை இது. கால் வலித்தது, தோள் வலித்தது என்று நேர்த்தி முடியும் முன் ஒரு வார்த்தை முணுமுணுத்தாலும் அம்மன் அதை ஏற்க மாட்டாள், யாருக்காக நேர்ந்தோமோ அவர்கள் தலையில் அது விடியும் என்பார்கள். பவளம் மற்ற எதையும் சந்தேகித்திருக்கிறாள். இதைச் சந்தேகித்துப் பார்க்கிற அளவுக்கு அவளிடம் இன்னொரு பேரன் இல்லை.

திருவிழா அன்று மஞ்சள் சேலைக்கு உள்ளே இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டாள் அன்பரசி.

"மாத்திரையாவது போட்டுக்கம்மா."

"விரதத்துல மாத்திரையா? போடி."

இரண்டு கையும் குடத்தைப் பிடிக்க வேண்டும். கம்புக்கு இடமில்லை. ஃபேக்டரிக்குக் கீழே ஆற்றங்கரையில் குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். உறுமி முழங்கியது. அங்கிருந்து கோயில் வரை தேயிலைக்கு நடுவே மேடு. பவளம் நடந்தாள். எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பாதி வழியில் காலே இல்லாததுபோல் இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

"ஆத்தா தூக்கிட்டு வர்றாடி! பாருங்கடி, கம்பு இல்லாம வர்றா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவள் வடிவம்மாள். அந்த முட்டியோடு தார் ரோட்டில் மண்டியிட்டு, பவளத்தின் கால்களில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அந்த ஈரத்தைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். சுற்றிலும் கைபேசிகள் உயர்ந்திருந்தன.

அன்று சாயங்காலம் படுத்தவள் வெகு நாட்கள் எழுந்திருக்கவில்லை. திரும்பிப் படுக்கவும் அன்பரசி வேண்டும். வாளியை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். வந்து கேட்டவர்களிடம், "விரதக் களைப்பு, அம்மா தூங்கறாங்க" என்று அன்பரசி சொன்னாள். பவளம் முனகல்கூட வெளியே வராமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். தொட்டிலில் அகிலன் தூங்கினான்.

அதற்குள் வீடியோ ஊரைச் சுற்றிவிட்டது. கோயில் வாட்ஸப் குழுவில் அது 'ஆத்தாளின் அற்புதம்' என்ற பெயரில் போனது. மலைமேல் ஊர்களான பிரிஞ்சாங்கிலும் கம்போங் ராஜாவிலும் பார்த்தவர்கள் கும்பிடுகிற கைகளை அடியில் போட்டார்கள். பிறகு அதே வீடியோ வேறு வாசகத்தோடு திரும்பி வந்தது: 'ஓகேயு காசு வாங்குபவரின் நடையைப் பாருங்கள். நம் வரிப்பணம்.' கும்பிட்டவர்களில் சிலரே இதையும் அனுப்பினார்கள்.

வெல்பேர் ஆபீசிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். மலாய்க்காரப் பெண், வயது குறைவு, மரியாதையானவர். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். பவளம் தட்டுத் தடுமாறி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அதிகாரி கைபேசியைக் காட்டி, இது நீங்கள்தானா என்று கேட்டார். புகார் வந்தால் விசாரிக்க வேண்டியது தன் வேலை, தப்பாக நினைக்காதீர்கள் என்றார். அன்பரசி மலாயைத் தமிழாக்கிச் சொன்னாள்.

"நாந்தான்" என்றாள் பவளம்.

"நடக்கும்போது வலி இருந்துச்சா, அதுக்கப்புறம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கறாங்கம்மா. உள்ளது உள்ளபடி சொன்னாப் போதுமாம். டாக்டர்கிட்ட மறுபடி காட்டி எழுதிக்கலாமாம்."

பவளம் மாரியம்மன் படத்தைப் பார்த்தாள். அன்பரசி தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி மலாயில் தானே வேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பவளத்துக்கு மலாய் அதிகம் வராது. ஆனால் சாக்கிட் என்றால் வலி என்று தெரியும். அந்தச் சொல் மகளின் வாயில் இரண்டாவது முறை வந்ததும் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள்.

"அன்பு! வாய மூடு."

"ம்மா, சொல்லலேன்னா காசு நின்னுரும்மா."

"ஒன் புள்ளைய நெனச்சுக்கோ."

அன்பரசி தொட்டிலைப் பார்த்தாள். அவள் வாய் அப்படியே நின்றது. பவளம் அதிகாரியைப் பார்த்துக் கைகூப்பி, தனக்குத் தெரிந்த மலாயில் தானே சொன்னாள்: "தாக் சாக்கிட், புவான்." வலி இல்லை, அம்மா.

அதிகாரி அவளைப் பார்த்தார். அன்பரசி அழுவதையும் பார்த்தார். நிஜமாகவா என்று இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் அதே பதில். அவர் எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் பணம் வரவில்லை.

பவளத்துக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை, வாழ்த்தினார்கள். "கொணமாயிட்டீங்களாமே, கேக்கவே சந்தோசமா இருக்கு" என்றாள் கடைக்காரி. அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். ரூபன் அரிசி மூட்டையைத் தானே கொண்டுவந்து இறக்கினான். அன்று முதல் இரண்டாவது முறை சோறு போட அன்பரசி வந்தால் பவளம் தட்டை மறைத்துக்கொண்டாள்.

"மறுபடி மனு போடுவோம்மா" என்றாள் அன்பரசி.

"போட்டு? அடுத்த திருவிழாவுக்கும் எடுக்கணும். அதுக்கடுத்ததுக்கும் எடுக்கணும். அவங்க கையில போன் இல்லாமயா போவும்?"

இன்றைய பையை வடிவம்மாள்தான் காலையில் கொண்டுவந்து போட்டிருந்தாள். வேலை விட்டு வந்தவள் பூட்ஸ் சேற்றைப் படியில் தேய்த்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த காய்கறிப் பெட்டியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டாள்.

"முடிஞ்சுதா புள்ள?"

"இன்னும் கொஞ்சம்தான்க்கா."

"திங்கக்கெழம அந்த நேப்பாளத் தம்பி ஊருக்குப் போறான். பை வாலு பிடிக்க ஆளில்ல. பேரு பதியற கிராணிகிட்ட ஒம் பேரச் சொல்லி வச்சிருக்கேன். சும்மா பின்னாடியே நடந்து வரணும், அவ்வளவுதான். பால்கொடத்தவிடவா கனம்?"

பவளம் ஊசியை இழுத்தாள்.

"கோவமா இருக்கியா? இருந்தாச் சொல்லிரு. அந்த வீடியோவ எம் மருமவனுக்கு அனுப்புனது நாந்தான். ஆத்தா மகிமய நாலு பேரு பாக்கட்டும்னுதான்லா அனுப்புனேன். அவன் யாருக்குத் தள்ளிவுட்டானோ."

"தெரியும்க்கா."

"ஆனா ஒண்ணு. ஆத்தாளே காலத் திருப்பிக் குடுத்துட்டா. அப்புறமும் கைநீட்டிக் காசு வாங்குனா அவளுக்கே அடுக்காது. நான் சொல்றதுல தப்பு இருக்கா?"

வடிவம்மாள் பெட்டியை முன்னால் நகர்த்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"பவளம், என்னப் பாரு. ஒரே மிஷினப் பிடிச்சவளுங்க நாம. எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லு. வலிக்குதாடி?"

விழுந்த நாளிலிருந்து லயத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. பவளம் நிமிர்ந்தாள். வடிவம்மாளின் கண்ணில் சந்தேகம் இல்லை; சொன்னால் நம்பிவிடுவாள் போலிருந்தது. உள்ளே அகிலன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்து, பொத்தென்று உட்கார்ந்து, தானே சிரித்தான்.

"இல்லக்கா" என்றாள் பவளம்.

"அதான பாத்தேன்." வடிவம்மாளின் முகம் தெளிந்தது. "அப்ப திங்கக்கெழம லோரி வர்றதுக்கு முந்தி கீழ வந்துரு. தலைத்துணி எடுத்துக்க, மேல பனி ஜாஸ்தி."

பவளம் கடைசிக் குத்தை இறக்கி, நூலை முடிச்சிட்டு, பல்லால் கடித்து அறுத்தாள். பையைத் திருப்பிப் போட்டு, தைத்த இடத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். தையல் அசையவில்லை. உள்ளே ஒட்டியிருந்த காய்ந்த இலைகளைத் தட்டிவிட்டு, வாலை உள்ளுக்கு மடித்து நாலாகச் சுருட்டினாள். எழுந்து கொடுக்கப் பார்த்தாள். இடுப்பு எழவில்லை. கை எட்டுகிற மட்டும் முன்னால் நீட்டினாள். வடிவம்மாள் குனிந்து பையை வாங்கிக்கொண்டாள்.