பெயர் கேட்கும் பக்கம்

கைப்பேசி விளையாட்டுகள் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவளைப் பொத்தானக்கா என்றுதான் அழைப்பார்கள். கைப்பேசியோடு இணைத்தது விசைப்பலகையாயினும், இரு கையிலும் பிடித்து விளையாடும் பொத்தான் கருவியான கன்ட்ரோலராயினும், அழுத்துவது ஒன்றும் நடப்பது வேறொன்றுமாக இருந்தால் அந்தத் தொல்லை நேரே அவள் மேசைக்கு வந்து சேரும். படம் வரைபவருக்குக் கைதட்டல் உண்டு, இசையமைப்பவருக்கும் உண்டு. பொத்தான் ஒழுங்காக வேலை செய்கிறதென்று உலகில் எவரும் எவரையும் பாராட்டியதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மாலையில் புதிய பதிப்பு வெளியாக வேண்டும். கன்ட்ரோலர் வைத்து விளையாடும் வசதி முதன்முறையாக அதில் வருகிறது. ஓராண்டாக அவள் தனியாளாகக் கட்டியெழுப்பியது. ஆனால் முன்னோட்டமாக விளையாடிப் பார்த்த வெளியாட்கள், கன்ட்ரோலரை இணைத்தால் தொடக்கத்திலேயே விளையாட்டு உறைந்துபோகிறது என்று புகார்மேல் புகார் அனுப்பியிருந்தார்கள். மாலைக்குள் காரணம் பிடிபடாவிட்டால் அந்த வசதியையே வெட்டியெறியப் போவதாக மேலாளர் காலையில் அறிவித்துவிட்டார்.

மேசையில் கிடந்த கன்ட்ரோலர்களையெல்லாம் ஒவ்வொரு கைப்பேசியிலும் மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தாள். எதுவும் உறையவில்லை. அடுத்த இருக்கையிலிருந்த சோதனையாளரும் பார்த்தார்.

"என்கிட்ட நல்லாத்தான் ஓடுது அக்கா" என்றார்.

அந்த வாக்கியத்தைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைய கொடுமை, மேலாளரிடம் அவளும் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது.

நண்பகலில், அவள் வீட்டில் மறந்து வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கக் கணவர் வந்தார். பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடும் மனிதர். எதையும் முதல் எழுத்திலிருந்து படிப்பார். மனைவி ஆக்கிய விளையாட்டை ஒருநாளும் தொட்டதில்லை. வேறு வழி தோன்றாமல், பெட்டி பிரிக்காதிருந்த கைப்பேசி ஒன்றைப் பிரித்து விளையாட்டை ஏற்றி, கன்ட்ரோலரோடு அவர் கையில் திணித்தாள்.

"விளையாடுங்க."

"என்ன செய்யணும்?"

"ஒண்ணும் கேக்காதீங்க. அதுபாட்டுக்குச் சொல்லும்."

அவர் வரவேற்புரை முழுவதையும் படித்தார். நிபந்தனைகளையும் படித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பேர் கேக்குதும்மா" என்றார் கடைசியில். "எழுதறதுக்கு எழுத்தைக் காணோமே."

"கட்டத்துல தட்டுங்க, வரும்."

"தட்டிட்டேன். வரல."

பிடுங்கிப் பார்த்தாள். பெயருக்கான கட்டம் இருந்தது. திரையின் அடியில் எழ வேண்டிய விசைப்பலகை எழவில்லை. உறைதலுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அந்தக் கன்ட்ரோலர்கள் இணையும்போதே தம்மை விசைப்பலகை என்றும் கைப்பேசியிடம் சொல்லிக்கொள்கின்றன. நிஜமான விசைப்பலகையே இருக்கும்போது திரையில் எதற்கு இன்னொன்று என்று கைப்பேசி எழுத்துகளை ஒளித்துவிடுகிறது. பெயரில்லாமல் விளையாட்டு அடுத்த பக்கத்துக்கு நகராது.

அலுவலகத்தில் இது ஏன் எவர் கண்ணிலும் படவில்லை என்பதும் அப்போதே விளங்கிற்று. எல்லோரும் ஏற்கெனவே பெயர் பதிந்த தங்கள் பழைய கணக்கிலேயே சோதித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கை அழித்தால் விளையாட்டில் பாடுபட்டுக் கடந்த கட்டங்கள் போய்விடும். ஆகவே பெயர் கேட்கும் பக்கத்தை அங்கே ஒருவரும், அவள் உட்பட, மாதக்கணக்கில் பார்த்திருக்கவில்லை.

கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் எழுத்துகளைக் காட்டு என்று நிரலில் எழுதினாள். இப்போது விளையாட்டுக்குள் வீரன் ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் விசைப்பலகை எழுந்து திரையில் பாதியை மறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். பெயர்ப் பக்கத்தில் மட்டும் காட்டும்படி திருத்தியபோது மாலையாகிவிட்டது. மேலாளர் வந்து பின்னால் நின்றார்.

"உன் கணக்கை அழி" என்றாள் சோதனையாளரிடம்.

"அக்கா, கடைசிக் கட்டத்துல நிக்கிறேன் அக்கா. வேற யாராவது..."

"அழிடா."

அழித்தார். கன்ட்ரோலர் இணைந்திருக்கும்போதே பெயர் கேட்கும் பக்கம் வந்தது. அடியில் எழுத்துகளும் அழகாக எழுந்தன. சோதனையாளர் ஆத்திரத்தோடு பெயர் என்று ஒன்றைத் தட்டினார். அது அவளைக் குறித்த வசை. அச்சில் ஏற்றத் தக்கதன்று. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். தட்டியது தட்டியபடியே விழுந்திருந்தது.

மேலாளரும் படித்தார். "சரி, கன்ட்ரோலர் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, படம் வரைபவர்களைப் பாராட்டப் போனார்.