மான் வந்த நேரம் அப்பா நித்திரை

அப்பா மான் வேட்டைக்குப் போவதென்று முடிவெடுத்தது யுத்தம் முடிவதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில். போனது, எல்லாம் முடிந்த பிறகு வந்த மார்கழியில். அப்போது எனக்கு ஒன்பது வயது.

முடிவெடுத்த காலத்து அப்பா பகிடி விட்டுச் சிரிக்கிற ஆள். அவருக்கு இரண்டு சிநேகிதர்கள் இருந்தார்கள். ஒருவர் லொறி அங்கிள். அப்பாவோடு ஊரில் ஒரே வகுப்பில் படித்தவர். ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் நடுவே பெரிய லொறி ஓட்டினார். மற்றவர் சென்னை அங்கிள். ஸ்காபரோவில் எங்கள் அப்பாட்மென்ற் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருந்தார், கம்ப்யூட்டர் வேலை. எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி அப்பாவை 'அண்ணை' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டிருந்தார். மற்றபடி அவருடைய தமிழில் ஒரு சொல்லும் மாறவில்லை. வேட்டை யோசனை அவருடையதுதான். அலுவலகத்தில் யாரோ போய் வந்து படம் காட்டியிருக்கிறார்கள். மூன்று பேரும் சேர்ந்து வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, வேட்டைக்கான அனுமதி எடுத்தார்கள். அப்பா அந்தப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாகப் படிப்பார். மானின் படத்தில் எந்த இடத்தில் குண்டு படவேண்டும் என்று எனக்கு விரல் வைத்துக் காட்டினார்.

"பிள்ளைக்குக் காட்டிற படமே உது?" என்று அம்மா புத்தகத்தைப் பறித்து அலுமாரியின் மேல் வைத்தா.

அவர்கள் பதிந்திருந்தது சாதாரணத் துவக்கு வேட்டை அல்ல. குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடுகிற பழைய மாதிரித் துவக்கு. ஒரு வெடி வைத்தால் அடுத்த வெடிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும். அதற்குள் மான் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

"ஒரே சான்ஸ்தான் அண்ணை. மானுக்கும் ஒரு நியாயம் வேணும்ல," என்றார் சென்னை அங்கிள்.

"நியாயம் பாக்கிற நீ ஏன் சுடப் போறாய்? வீட்டில இரன்," என்றார் லொறி அங்கிள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு அந்த வசந்த காலம் வந்தது. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, யுத்தம் நடந்துகொண்டிருந்த வன்னியில் குடும்பத்தோடு இருந்தார். நான் அவரைக் கண்டதில்லை. தொலைபேசியில் 'வணக்கம் பெரியப்பா' என்று சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். மாசி மாதத்தோடு அந்தத் தொலைபேசியும் நின்றுபோனது. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாக நகரத்துக்குப் போய் வீதிகளில் நின்றார்கள். நானும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நினைவிருப்பது கால் நொந்ததும், யாரோ ஒரு அன்ரி தோடம்பழம் உரித்துத் தந்ததும்தான்.

வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். யுத்தம் முடிந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் சமைக்கவில்லை. நான் பாணும் ஜாமும் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

அதற்குப் பிறகு அப்பா நித்திரை கொள்வதை விட்டுவிட்டார். நித்திரையும் சாப்பாட்டைப்போல வேண்டாமென்றால் தள்ளி வைக்கக்கூடிய ஒன்று என்று நான் அப்போது நினைத்தேன். குசினிக் கதிரையில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பார். தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருந்த முகாம்களுக்குள் யாரையாவது தெரிந்தவர்களிடம், வவுனியாவில் இருப்பவர்களிடம், கொழும்பில் இருப்பவர்களிடம் எல்லாம் பெரியப்பா வீட்டாரைக் கண்டீர்களா என்ற ஒரே கேள்வியைக் கேட்பார். தொலைபேசி அடித்தால் பாய்ந்து எடுப்பார். அடிக்காவிட்டாலும் எடுத்துப் பார்ப்பார். அங்கே பகல் என்றால் இங்கே இரவு; அதனால் இரவில் படுக்கக்கூடாது. பகலில் தொழிற்சாலையில் வேலை. டொக்டர் குளிசை கொடுத்தார். அப்பா அதை வாங்கி மேசையில் வைத்தார், போடவில்லை. போட்டால் நல்லாய் நித்திரை வந்துவிடுமாம். அம்மா கெஞ்சினா, கோபித்தா, கோயிலில் அர்ச்சனை செய்தா. கடைசியில் அவவும் களைத்துப்போய் விட்டுவிட்டா. அவவுக்கும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் விடிய வேலை இருந்தது.

பெரியப்பா வீட்டார் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அப்போது அது எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும் என்று இருந்தோம்.

மார்கழி வந்ததும் சிநேகிதர்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா வேட்டையையே மறந்துபோயிருந்தார்.

"நான் வரேல்ல மச்சான். நீங்கள் போங்கோ," என்றார்.

லொறி அங்கிள் அவரோடு வாதாடவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துவிட்டு, "அவர் வருவார்," என்றா. பிறகு அப்பாவிடம் திரும்பி, "இஞ்சாருங்கோ, ஒரு நாள். ஒரே ஒரு நாள் போட்டு வாங்கோ. போன் வந்தால் வீட்டு நம்பரில நான் எடுக்கிறன். எனக்கும் காது இருக்கு," என்றா.

"உனக்கு வேலையெல்லோ?"

"லீவு சொல்லுறன்."

அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மாட்டேன் என்று சொல்லக்கூட அவரிடம் தெம்பு இருக்கவில்லை என்று நினைக்கிறேன். வேட்டைக்குப் போகிற சனிக்கிழமை அம்மாவுக்கு லீவும் கிடைக்கவில்லை; பாதி நாளாவது வரச்சொல்லிவிட்டார்கள். என்னை வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் அன்ரி அஜக்ஸ் நகரத்தில் வீடு வாங்கிப் போய்விட்டா. ஆகவே நானும் வேட்டைக்குப் போவதென்றாயிற்று. நான் துள்ளிக் குதித்தேன்.

விடியமுன்னரே லொறி அங்கிளின் வான் வண்டியில் புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம், பிறகு வடக்கே திரும்பிச் சின்னச் சின்ன ரோட்டுகள். சென்னை அங்கிள் உடம்பு முழுக்க இலைப் படம் போட்ட உடுப்பு உடுத்தியிருந்தார்; அதற்கு மேலே சட்டப்படி போடவேண்டிய செம்மஞ்சள் மேலங்கி. மறைவதற்கு ஒன்று, தெரிவதற்கு ஒன்று. அப்பா தொழிற்சாலைக்குப் போடும் ஜக்கெற்றோடு வந்திருந்தார்.

போய்ச் சேர்ந்தது ஒரு பண்ணைக்கு. எங்களை வேட்டைக்குக் கூட்டிப்போக இருந்தது அதன் சொந்தக்காரப் பெண். அம்மாவைவிட மூத்தவர், நரைத்த பின்னல், குறைவாகப் பேசுவார். மான்கள் எந்தப் பக்கத்தால் வரும், யார் எங்கே இருக்கவேண்டும் என்றெல்லாம் அவர்தான் தீர்மானிப்பார். அப்பா இறங்கியவுடன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பாதையில் மேலும் கீழும் நடந்தார். பண்ணைக்காரப் பெண் சிறிது நேரம் பார்த்துவிட்டு, இங்கே சிக்னல் எடுக்காது, பெருவீதிக்குப் போகும்வரை எங்கேயும் எடுக்காது என்று சொன்னார். அப்பா நம்பாமல் வேலிவரை போய்த் திரும்பி வந்தார். வந்து அதை வானுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். கையில் தொலைபேசி இல்லாத அப்பாவை மாதக்கணக்கில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

துவக்குகள் பண்ணைக்காரப் பெண்ணுடையவை. ஒவ்வொன்றாக மருந்து போட்டு இடித்து அவர்களிடம் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவரையும் வயலின் வெவ்வேறு மூலைக்குக் கூட்டிப்போனார். எனக்கும் அப்பாவுக்கும் சோளம் வெட்டின வயலின் ஓரத்தில் ஒரு பலகைக் கொட்டில். உள்ளே இரண்டு கதிரை, ஒரு சின்ன காஸ் ஹீட்டர், முன்பக்கம் நீளமான யன்னல். துவக்கைச் சுவர் மூலையில் சாத்தி வைத்துவிட்டு, கதைக்கக்கூடாது, மான் வந்தால் அப்பாவின் முழங்காலை மெல்லத் தொடு என்று என்னிடம் சொன்னார். மத்தியானம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே நிலம் வெளுத்துக்கொண்டு வந்தது. பனிக்கு மேலே சோளத் தண்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. ஹீட்டர் காலடியில் மெல்ல இரைந்தது.

"குளிருதோ பிள்ளை?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை."

அவ்வளவுதான் நாங்கள் கதைத்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய தலை மெல்லச் சரிந்து பலகையில் முட்டியது. இப்போது திடுக்கிட்டு எழும்புவார் என்று பார்த்தேன். எழும்பவில்லை. வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு குறட்டை தொடங்கியது. அந்தச் சின்னக் கொட்டிலுக்குள் அது பெரிய சத்தம். எனக்கு வெட்கமாக இருந்தது. மான்கள் கேட்டால் என்ன நினைக்கும்?

வெகுநேரம் அப்படியே போனது. அப்பாவின் நாடியில் நரைமயிர் முளைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துத் தொங்கியது. பக்கத்தில் இருந்தும் இதையெல்லாம் நான் முன்பு கவனித்ததில்லை.

காட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. சாதாரண வெடி அல்ல, வானமே இடிந்து விழுந்ததுபோல ஒன்று. யன்னல் சட்டம் அதிர்ந்தது. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் தொலைபேசி சும்மா ஒருமுறை அதிர்ந்தாலே பாய்ந்தெழும்புகிற அப்பா, அந்தச் சத்தத்துக்கு அசையவில்லை. குறட்டை ஒரு கணம் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அந்த வெடிக்குப் பயந்துதானோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் மான் வந்தது. எங்கள் பக்கத்து மரங்களுக்குள்ளிருந்து மெதுவாக நடந்து வந்தது. கொம்பு சின்னது. நடந்து, நின்று, காதைத் திருப்பி, மறுபடி நடந்து, கொட்டிலுக்கு நேர் முன்னால் வந்து சோளத்தட்டைகளை மணந்து பார்த்தது. அதன் மூக்கிலிருந்து ஆவி பறந்தது. அப்பாவின் குறட்டை கேட்டிருக்க வேண்டும். தலையைத் தூக்கி யன்னலைப் பார்த்தது. ஆனால் ஓடவில்லை.

நான் கையை அப்பாவின் முழங்காலுக்குக் கிட்ட கொண்டுபோனேன். தொடவில்லை. மானுக்காக இரக்கப்பட்டேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், அப்படியில்லை. மான் சுடப்படவேண்டும் என்றுதான் விரும்பினேன், பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல ஆசை. ஆனால் எழுப்பினால் அப்பாவின் கண் திறக்கும். திறந்தால் வீட்டில் குசினிக் கதிரையில் இருக்கிற அதே அப்பா வந்துவிடுவார். எனக்கு அந்த அப்பாவோடு வானில் திரும்பிப் போக விருப்பமில்லை. கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மான் தன்பாட்டில் நின்றது. பிறகு வாலை நிமிர்த்தி, அதன் உள்வெள்ளை பளிச்சென்று தெரிய, வயலைத் தாண்டிப் போய்விட்டது.

மத்தியானம் பண்ணைக்காரப் பெண்ணோடு சிநேகிதர்கள் இருவரும் வந்தார்கள். லொறி அங்கிள் ஒரு மான் சுட்டிருந்தார். சென்னை அங்கிள் ஒன்றையும் காணவில்லை, மூக்கு சிவந்துபோயிருந்தது. கொட்டிலுக்கு முன்னால் பனியில் குளம்படிகள் தெளிவாகக் கிடந்தன. பண்ணைக்காரப் பெண் அவற்றைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அப்பா இன்னும் நித்திரை.

"ஏன் எழுப்பவில்லை?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவருக்குக் களைப்பு," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சென்னை அங்கிளால் தாங்க முடியவில்லை. "என்னம்மா நீ! ஒரு வருஷமா பிளான் பண்ணி வந்தோம். கண்ணு முன்னாடி வந்து நின்னிருக்கு!"

"விடு," என்றார் லொறி அங்கிள். கொட்டில் வாசலில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் படுக்கட்டும். எனக்கு மானை இழுக்கிற வேலை கிடக்கு. நீ வா." சென்னை அங்கிள் அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் புது ஜக்கெற்றைக் கழற்றி அப்பாவின் மேல் போர்த்திவிட்டு லொறி அங்கிளுக்குப் பின்னால் போனார்.

அப்பா எழும்பியபோது வெயில் சரிந்துவிட்டது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"மான் வந்ததோ?"

"ஓம். போயிட்டுது."

"போகட்டும்," என்று முகத்தைத் துடைத்தார். மருந்து போட்ட துவக்கை அப்படியே திருப்பிக் கொடுக்கக்கூடாது, சுட்டு வெறுமையாக்க வேண்டுமாம். பண்ணைக்காரப் பெண் சுடுவதற்கு ஒரு மண்மேட்டைக் காட்டினார். அப்பா துவக்கை லொறி அங்கிளிடம் நீட்டிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு பண்ணைக் களஞ்சியத்துக்குப் பின்னால் போய், என் இரண்டு காதுகளையும் தன் கைகளால் பொத்திக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வரப் பொழுதுபட்டுவிட்டது. லொறி அங்கிள் தந்த இறைச்சிப் பங்கைத் தூக்கிக்கொண்டு நான் முதலில் மேலே வந்தேன். அப்பா கீழே சாமான் இறக்கிக்கொண்டு நின்றார். அம்மா வேலை உடுப்பு மாற்றாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தா.

"ஒரு போனும் வரேல்ல," என்றா, நான் கேட்காமலே. பிறகு பையைப் பார்த்து, "அப்பா சுட்டவரோ?" என்றா.

அப்பாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. "இல்லை. அவர் நித்திரை."

"கண்ணை மூடிக்கொண்டு இருந்தவரோ?"

"இல்லையம்மா, நித்திரை. குறட்டை விட்டவர். துவக்கு வெடிச்சதுக்கும் எழும்பேல்ல."

"எவ்வளவு நேரம்?"

"விடியத் துவங்கிப் பின்னேரம் வரைக்கும்."

அம்மா இறைச்சிப் பையை மடியில் வைத்துக்கொண்டு சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டா. அழுதா. சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் பயந்துபோனேன். அப்பாவுக்கு மான் கிடைக்காதது அவவுக்கு இவ்வளவு கவலையாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"அழாதேங்கோ அம்மா. அடுத்த முறை நான் கட்டாயம் எழுப்பிவிடுறன்," என்றேன்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தா. "வேண்டாம் பிள்ளை. எழுப்பாதை."

அப்படியென்றால் மானை எப்படிச் சுடுவது என்று கேட்டேன். அவ எழும்பி, அப்பாவின் தலையணையைத் தட்டிப் போடப் போனா.