இங்வால்டின் கிழட்டுச் செயற்கைக்கோள்

சிக்ரூன் விடுப்பு எடுத்துக்கொண்டு ட்ரோன்ஹெய்மிலிருந்து வந்தபோது அப்பாவின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். தலைமாட்டில் ஆக்சிஜன் இயந்திரம். கால்மாட்டில் டிவி. டிவிக்குக் கீழே மூன்று ரிசீவர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"வந்துச்சா?" என்றார் இங்வால்ட்.

"நான் வந்துட்டேன்பா."

"அது தெரியுது, கண்ணு இன்னும் இருக்கு. சிக்னல் வந்துச்சான்னு கேட்டேன்."

"கோட்டுகூட இன்னும் கழட்டல."

"நல்லதாப் போச்சு. அப்படியே வெளிய போய் கனெக்டரைப் பாரு. தண்ணி எறங்கியிருக்கும்."

அவள் போனாள். பின்கட்டில் முழங்கால் அளவு பனி. அதன் நடுவே ஆளுயரத்தைவிடப் பெரிய டிஷ், மேற்கே கடலைப் பார்த்து நின்றது. கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். உள்ளே வந்து விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு, ரிசீவர் சிக்னலைக் கோடாக வரைந்து காட்டும் திரையைப் பார்த்தாள். அடிக்கோட்டில் புல் முளைத்த மாதிரி இரைச்சல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"இல்லப்பா."

"ம்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இங்வால்ட் கார்களை ஏற்றிச் செல்லும் படகில் இயந்திர அறையில் இருந்தவர். வாலிபத்தில் போய் உட்கார்ந்தவர், ஓய்வு பெற்றுத்தான் மேலே ஏறினார். வலது காது அந்த அறையிலேயே போய்விட்டது. படகின் சாப்பாட்டு அறையில் ஒரு டிவி இருந்தது. நீரிணையில் படகு வளையும்போதெல்லாம் படம் போய்விடும். யாராவது மேல்தளத்துக்கு ஓடி டிஷ்ஷைக் கையால் திருப்ப வேண்டும். மற்றவர்களுக்கு அது தொல்லை. அவருக்கு அதுதான் பிடித்துப்போனது. எந்த வளைவில் எவ்வளவு திருப்பினால் படம் நிற்கும் என்று கை பழகிவிட்டது. பிறகு வீட்டிலும் ஒரு டிஷ் வைத்தார். அப்புறம் இன்னொன்று.

"என் புருஷன் டிவி பாக்கறதில்ல. டிவி இருக்கான்னு பாக்கறாரு," என்று அம்மா போர்க்ஹில்ட் இருந்தவரை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அது உண்மைதான். யேமன் நாட்டுச் செய்தி வந்தால் ஒரு நிமிடம் பார்ப்பார். திரையைப் படம் எடுப்பார். அணைத்துவிடுவார். என்ன செய்தி என்று கேட்டால் தெரியாது.

படம் எடுப்பது அவர் சேர்ந்திருந்த கூட்டத்தின் வழக்கம். ஐரோப்பா முழுக்க இப்படிப்பட்ட ஆட்கள் நூறு பேர் இருக்கலாம். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். தூரத்து டிவி நிலையம் ஒன்றைப் பிடித்துவிட்டேன் என்று யாரும் சொல்லலாம். திரையில் நிலையத்தின் பெயர் தெரிய, சொந்தக் கையால் எடுத்த படம் இருந்தால்தான் மற்றவர்கள் ஒப்புக்கொள்வார்கள். கோட்டில் சிக்னலின் மேடு மட்டும் வந்தது என்றால் கணக்கில் சேராது. இங்வால்ட் இதில் கறார். ஹாலந்தில் இருக்கும் அவருடைய கூட்டாளி லாம்மர்ட் ஒருமுறை மங்கலான படத்தை அனுப்பியபோது, "இது டிவியா, உன் வீட்டு மீன்தொட்டியா?" என்று திருப்பி எழுதிவிட்டார். லாம்மர்ட் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை.

கடைசியாக அவர் குறி வைத்தது ஒரு கிழட்டுச் செயற்கைக்கோளை. அட்லாண்டிக்குக்கு அப்பால், பிரேசில் பக்கம் நிற்பது. அவர் ஊரான ஸ்டோர்நெஸிலிருந்து பார்த்தால் கடல் விளிம்புக்குக் கீழே இருக்கும். பிடிக்க வழியே இல்லை. ஆனால் செயற்கைக்கோளுக்கு வயதாகி எரிபொருள் குறையும்போது அதை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்துவதை விட்டுவிடுவார்கள். அது தினமும் வடக்கும் தெற்குமாக ஆடத் தொடங்கும். ஆண்டுக்கு ஆண்டு ஆட்டம் கூடும். ஆட்டத்தில் வடக்கே வரும் நேரம் கடலுக்கு மேலே கொஞ்சம் தலை காட்டும். இங்வால்ட் அதற்காகப் பல வருடம் காத்திருந்தார். "அதுக்கு நடை தள்ளாடினாத்தான் என் பக்கம் வரும்," என்பார். இந்த வருடம் போதுமான அளவு தள்ளாடியது. தினமும் பிற்பகலில் ஏறி, சில மணி நேரத்தில் இறங்கியது. ஆனால் உரிமையாளர்கள் அதை இந்த மாதக் கடைசியில் அணைத்து அப்புறப்படுத்தப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அதே மாதக் கடைசியைத்தான் மருத்துவரும் சிக்ரூனிடம் தாழ்வாரத்தில் நின்று சொல்லியிருந்தார்.

அவள் ஒவ்வொரு நாளும் ஒன்றை மாற்றினாள். கேபிளை மாற்றினாள். டிஷ்ஷின் முன்கையில் சிக்னலை வாங்கிக்கொள்ளும் எல்.என்.பி.யை மாற்றினாள். கைபேசிக் கோபுரங்களின் ஏரியல்களை அளப்பது அவள் தொழில். சொந்தக் கருவிகளோடு வந்திருந்தாள். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. காலையில் தாதி வந்து அவரைத் துடைத்துவிட்டுப் போவாள். பகலில் மீன் சூப் வைப்பாள் சிக்ரூன். அவர் நாலு கரண்டி குடிப்பார். இரவில் இருமும்போது எழுந்து தூக்கி உட்கார வைப்பாள். தூக்கம் துண்டு துண்டாகப் போனது. காபிப்பொடி போட்டோமா என்பது மறந்து இரண்டு தடவை போட்டாள்.

"வந்துச்சா?"

"இல்லப்பா."

"நீ படிச்ச படிப்புக்கு எவ்வளவு செலவு பண்ணோம்னு உங்கம்மாவுக்குத்தான் தெரியும்."

"அரசாங்கம் பண்ணிச்சு."

"அப்ப அரசாங்கத்துக்குத்தான் நஷ்டம்."

ஒருநாள் டிஷ்ஷின் பின்புறப் பனியைச் சுரண்டும்போது போல்ட்டுகளைப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் உப்புக்காற்றில் துரு. சாய்வைப் பிடிக்கும் கம்பியின் போல்ட்டுகளில் மட்டும் ஸ்பேனர் பட்ட தடம், புதிதாக மின்னியது. அவள் பின்னால் நகர்ந்து டிஷ்ஷை முழுசாகப் பார்த்தாள். நேராக, சுவர் மாதிரி, செங்குத்தாக நின்றது. இத்தனை நாள் அதன் அடியிலேயே குனிந்து வேலை செய்ததில் அதைக் கவனிக்கவில்லை.

அந்த வகை டிஷ்ஷில் எல்.என்.பி. நடுவில் இராது, கீழே ஒதுங்கி இருக்கும். அதனால் டிஷ் வானத்தில் பார்க்கும் இடம் அதன் முகம் காட்டும் இடத்தைவிட மேலே. கடல் விளிம்பைப் பார்க்க வேண்டுமானால் முகம் தரையைப் பார்த்துக் குனிய வேண்டும். தெற்கே ஓஸ்லோவில் வீட்டு டிஷ்ஷெல்லாம் ஏறக்குறைய நேராகவே நிற்கும். தம்பி யோஸ்டைன் ஓஸ்லோவில் இருக்கிறான். பிப்ரவரியில் வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனான்.

அவள் அங்கேயே நின்று போன் செய்தாள்.

"யோஸ்டைன், டிஷ்ஷைத் தொட்டியா?"

"தொட்டேனாவா? காப்பாத்தினேன்! பனி பாரத்துல தலை தொங்கிப்போய் மண்ணைப் பாத்துட்டு நின்னுச்சு. ஜாக்கி வெச்சுத் தூக்கி, நிமிர்த்தி, நல்லா முறுக்கிட்டுத்தான் வந்தேன். முதுகு ஒரு வாரம் வலிச்சுது தெரியுமா."

"அது தொங்கல. அப்பா வெச்ச சாய்வு அது."

"மண்ணைப் பாத்து டிவி எப்படித் தெரியும்?" என்றான், சின்னக் குரலில்.

"தெரியும்."

"நான் ஏதாவது பண்ணணும்னு நெனச்சேன், சிக்ரூன். அங்க உக்காந்து அந்த மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருக்க முடியல."

"சரி, விடு."

"அப்பாகிட்ட சொல்லப்போறியா?"

"இல்ல."

திட்டலாம் என்றுதான் போன் செய்தாள். அதற்கும் தெம்பில்லை.

பழைய சாய்வை எப்படிக் கண்டுபிடிப்பது? டிஷ் ஏதோ மூடிய நிலையத்திலிருந்து இங்வால்ட் இலவசமாக எடுத்துவந்தது. முகத்துக்கும் பார்வைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அளந்து கணக்குப் போட்டாள். விளிம்பு நெளிந்திருந்ததால் விடை ஒவ்வொரு தடவையும் வேறாக வந்தது. கடைசியில் அவரிடமே கேட்டாள்.

"அப்பா, பெரிய டிஷ்ஷுக்கு எவ்வளவு குனிவு வெச்சிருந்தே?"

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா கேக்கற ஆளு நீ இல்ல." ஒரு கண்ணைத் திறந்தார். "அசைஞ்சிருக்கா?"

"கொஞ்சம்."

"யாரு?"

"காத்து."

"காத்துக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா?"

அவள் தலையணையைச் சரிசெய்தாள்.

"நிமிர்த்திட்டானா ஓஸ்லோக்காரன்?" என்றார். தோள் குலுங்கியது. சிரிப்பு இருமலாக மாறி, அவள் தூக்கிப் பிடித்து, இயந்திரத்தைக் கூட்டி வைத்து, அடங்க வெகுநேரம் ஆனது. வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இருபத்தி நாலு டிகிரி, தரையைப் பாத்து. நடு முட்டுல ரசமட்டத்தை வெச்சுப் பாரு, விளிம்புல வெக்காத. அவன்கிட்ட எதுவும் சொல்லிடாத."

"அவன் உன்கிட்ட சொல்லாதேன்னான்."

"பின்ன? யாரும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

அன்று பிற்பகல் கம்பியைத் திருகி டிஷ்ஷைக் குனிய வைத்தாள். தனி ஆளாக. ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கி விரல்முட்டி கிழிந்தது. உள்ளே வந்தபோது இரைச்சல் புல்லுக்கு நடுவே ஒரு சின்ன மேடு எழும்பியிருந்தது. இல்லை என்றும் சொல்ல முடியாது, உண்டு என்றும் சொல்ல முடியாது. அப்படி ஒரு மேடு. ரிசீவர் தேடித் தேடிக் கைவிட்டது. இருட்டுவதற்குள் மேடும் கரைந்தது.

"வந்துச்சா?"

அவர் கண் மூடியிருந்தது. வந்தது என்று சொல்லியிருக்கலாம். காலையில் வந்த தாதியிடம் கேட்டிருந்தால் சொல்லிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பாள்.

"மேடு வந்துச்சு. படம் வரல."

"அப்ப வரல," என்றார். ஏமாற்றம் தெரியவில்லை. அவள் சொன்னதை நம்பினார் என்பது மட்டும் தெரிந்தது. "கால் சுத்து இறக்கிப் பாரு நாளைக்கு."

மறுநாள் கால் சுற்று இறக்கினாள். மேடு உயர்ந்தது. இன்னும் கால் சுற்று. ஓடி உள்ளே வந்தாள், பூட்ஸோடு. திரை கறுப்பு. பிறகு பச்சையும் பழுப்புமாகச் சதுரங்கள். சதுரங்கள் ஒன்றோடொன்று உரசி, ஒட்டி, நின்றன.

ஏதோ ஒரு ஸ்டுடியோ. மேசைக்குப் பின்னால் கோட்டு போட்ட ஒரு ஆள். கழுத்துப்பட்டையில் காகிதம் செருகி, ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு பெண்ணின் கை மட்டும் வந்து அவன் நெற்றியில் பவுடர் ஒற்றியது. மூலையில் நிலையத்தின் பெயர்.

"அப்பா. அப்பா, பாரு."

அவளே அவரைத் தூக்கித் தலையணை முட்டுக்கொடுத்தாள். அவர் பார்த்தார். உதடு அசைந்தது. மூலையில் இருந்த பெயரைப் படித்தார், ஒவ்வொரு எழுத்தாக. எழுத்து சரிதான்.

அவள் கோட்டுப் பையிலிருந்து கைபேசியை எடுத்தாள்.

"உன் கை வேண்டாம்," என்றார். "என் கேமராவைக் கொடு."

கொடுத்தாள். அது அவருக்குக் கனத்தது. அவள் அடியில் தாங்கப் போனாள், முழங்கையால் தள்ளினார். ஒன்று எடுத்தார். மூச்சு வாங்கினார். இன்னொன்று. ஸ்டுடியோ ஆள் காகிதத்தை உருவி எறிந்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் பேசத் தொடங்குவதற்குள் சதுரங்கள் மறுபடி பிரிந்தன. செயற்கைக்கோள் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதை எடுத்தபோது திரையில் பாதிதான் இருந்தது.

"காட்டு."

கேமராவின் சின்னத் திரையில் அவள் மூன்றையும் காட்டினாள். ஒன்றில் பச்சைப் புகை. ஒன்றில் பாதி கட்டில் கம்பி. ஒன்றில் ஒரு ஆள் இருப்பது தெரிந்தது. பெயர் வெறும் வெள்ளைக் கோடு.

அவர் கேமராவை முகத்துக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மீன்தொட்டி," என்றார்.

அதற்குப் பின் இரண்டு நாள் பனிப்புயல். டிஷ்ஷில் பனி அப்பிக்கொண்டது. அவள் போய்த் தட்டிவிட்டு வருவதற்குள் மறுபடி அப்பியது. மூன்றாம் நாள் வானம் தெளிந்தது. அன்று காலை தாதி வந்து பார்த்துவிட்டு இயந்திரத்தை அணைத்தாள். கூடத்தில் அந்தச் சத்தம் இல்லாதது சிக்ரூனுக்குத் தலைசுற்றலாக இருந்தது. உட்கார்ந்துகொண்டாள்.

இறுதிச் சடங்கிற்கு யோஸ்டைன் வந்தான். எல்லாரும் போனபின் அடுக்களையில் கேமராவை எடுத்துப் பார்த்தான்.

"இதை அந்தக் கூட்டத்துக்கு அனுப்பேன். அப்பா பேர்ல போடுவாங்க. இப்ப யாரு குறுக்க கேக்கப்போறா?"

"பேரு தெரியல பாரு."

"நீ பாத்தே இல்ல? பக்கத்துல இருந்தே. உன் போன்ல ஒண்ணு எடுத்திருக்கலாமே."

"எடுத்திருக்கலாம்."

"ஏன் எடுக்கல?"

அவள் தட்டுகளைக் கழுவி முடித்தாள். "வேண்டாம்னாரு," என்றாள்.

அவன் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அவள் அவன் தோளில் ஈரக் கையை வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

மாதக் கடைசியில் லாம்மர்ட் போன் செய்தார். துக்கம் விசாரித்தார். செயற்கைக்கோளை நேற்று அணைத்துவிட்டார்கள் என்றார். பிறகு தயங்கி, "தப்பா எடுத்துக்காதம்மா. அவருக்கு அது கடைசியில வந்துச்சா?" என்றார்.

"தெளிவான படம் இல்லைங்க."

"அப்ப..."

"சேர்க்காதீங்க."

"சரி," என்றார். "நான்னா சேர்த்திருப்பேன்."

"தெரியும்."

"அந்தப் பெரிய டிஷ்," என்றார் லாம்மர்ட். "விக்கற யோசனை இருக்கா? நான் வந்து கழட்டிக்கறேன். விளிம்பு நெளிஞ்சிருந்தாலும் பரவாயில்ல."

சிக்ரூன் ஜன்னல் வழியே பார்த்தாள். டிஷ் பனிக்குள் தலை குனிந்தபடி நின்றது.

"பனி கரையட்டும், அப்புறம் வாங்க," என்றாள். "போல்ட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கும். நல்ல ஸ்பேனரா கொண்டு வாங்க."