நைனாவின் அஞ்சலி பேனருக்கு ஒரு கேமரா

பெரியப்பா இறந்த அன்று, சைதாப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் இருந்தது பெரியப்பாவே இல்லை. உயிர் போன சூட்டோடு பேனர் கட்டியாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவசரத்துக்குக் கையில் கிடைத்தது ஆதார் அட்டை. அதிலிருந்த துக்கடா படத்தை ஆளுயரத்துக்கு இழுத்ததில் மனிதர் தேடப்படும் குற்றவாளி ஆகிவிட்டார். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர், "இன்னா கேஸு?" என்று என்னிடமே விசாரித்தார்.

என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் பேனர் முன்னால் வெகுநேரம் நின்றார். அண்ணனை நினைத்து அழப்போகிறார் என்று தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், எனக்கு மட்டும் இந்த மாறி வெச்சீங்க, பாடைலேர்ந்து எய்ந்து வந்து கிய்ச்சுருவேன். ஒயுங்கா ஒரு கேமரா வாங்கி இப்பவே எட்த்து வெச்சுக்கோ."

செல்போன் போதாதா என்று என் மனைவி கேட்டாள். போதாது. என் போன் எல்லார் முகத்துக்கும் மாவு பூசிவிடும். எழுபதைத் தாண்டிய நைனா அதில் எனக்குத் தம்பி மாதிரி இருப்பார்.

தி.நகர் கடைக்கு நைனாவும் வந்தார். விற்பனையாளர் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று சட்டைப் பையில் அடங்குவது, உள்ளே படத்தைப் பதிக்கும் சென்சார் பெரிது. எவ்வளவு இழுத்தாலும் படம் உடையாது, ஆனால் ஜூம் பெயருக்குத்தான், கிட்டப் போய்த்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று சூப்பர்ஜூம். தெருக்கோடியில் இருப்பவரின் மூக்குத்திக் கல்லைக்கூட எண்ணலாம், ஆனால் சென்சார் சின்னது, பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகும்.

"எதுக்கு சார் வாங்கறீங்க? டூரா, ஃபங்ஷனா?"

"என் சாவுக்கு" என்றார் நைனா.

விற்பனையாளர் அதன் பிறகு என்னிடம் மட்டுமே பேசினார்.

பேனருக்குப் பெரிய சென்சார்தான் சரி, எனக்கும் தெரியும். சிக்கல் நைனாவின் முகத்தில். பத்தடிக்குள் கேமரா வந்தால் மூச்சைப் பிடிப்பார், தாடையைத் தூக்குவார், கோர்ட்டில் சத்தியம் செய்கிறவர் போல விழிப்பார். அந்த முழியைத் துல்லியமாக எடுத்து என்ன பயன்? அவர் வாய்விட்டுச் சிரிப்பது மார்க்கெட் பக்கத்துக் கேரம் கிளப்பில் மட்டும்தான். அதைத் தூரத்திலிருந்துதான் திருட முடியும். புள்ளி விழுந்தால் விழட்டும், ஆள் சிரித்தால் போதும் என்று சூப்பர்ஜூமை வாங்கினேன்.

மறுநாளே கிளப்புக்கு எதிரே மீன் வண்டிக்குப் பின்னால் பதுங்கினேன். லென்ஸ் முழம் நீளத்துக்கு வெளியே வந்தது. மீன்கார அம்மா, "இன்னாபா, யார வேவு பாக்கற?" என்றார். "எங்க நைனாவ" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

ஆனால் படம் விழுந்தது. சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டு, பொக்கை வாய் முழுக்கத் திறந்து நைனா சிரிக்கிறார். சாயங்காலம் டிவியில் போட்டுக் காட்டினேன். அவர் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஷோக்கா கீது. ஆனா பேனருக்கு ஆவாது."

"ஏன் நைனா?"

"பேனர்ல கீறவன் வர்றவங்கள பாக்க வாணாவா? இதுல நான் எவனையோ பாத்துகினு சிரிக்கறேன். நீ எங்க இருந்த?"

"எதிர்ல. மீன் வண்டி பின்னாடி."

"கிட்ட வந்து குந்தினா இன்னா, கட்ச்சிருவனா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கிளப்பைத் தினமும் பைக்கில் கடக்கிறவன் நான். ஹாரன் அடிப்பேன், அவர் கையைத் தூக்குவார், அத்தோடு சரி. அவரோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. என்னை யார் கூப்பிட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கரைக் குழியில் விட்டேன். இரண்டாவது அடியில் அது பலகையைத் தாண்டிப் பக்கத்து டீ கிளாஸில் விழுந்தது.

நைனா சிரித்தார். என்னையே பார்த்து, என் முகத்துக்கு நேரே, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். இத்தனை கிட்டத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததேயில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எட்த்துட்டியாடா?" என்றார் துண்டால் கண்ணைத் துடைத்தபடி.

"இல்ல நைனா. கையெல்லாம் பவுடரு."

"த்தோடா. அப்ப நான் இப்பத்திக்கு சாவ முடியாது" என்றார். "காய அடுக்கு."