நாலு மணிக் கூட்டம்

மனைவி கத்துவதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷத்துப் பழக்கம் அது. குடித்துவிட்டு வருவார், அவள் கத்துவாள், விடிந்ததும் மகள்மேல் சத்தியம் செய்வார், சாயங்காலத்துக்குள் சத்தியம் காற்றில் போய்விடும். ஆனால் சில மாதங்களாக அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். முதலில் மனுஷனுக்கு ஒரே நிம்மதி. அப்புறம்தான் பயம் வந்தது. இவள் கைவிட்டுப் போகப்போகிறாள் என்று தோன்றிவிட்டது.

அந்தப் புதன்கிழமை வேலையிலும் மானம் போனது. எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று அது ஏறியிறங்கும் தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவர் கை நடுங்கி ஸ்பேனரைக் கீழே விட்டார். நல்லவேளை, அடியில் ஆளில்லை. சூப்பர்வைசர் திட்டக்கூட இல்லை. "வீட்டுக்குப் போங்கண்ணே, கை சரியானதும் வாங்க" என்றார்.

தலைவலி மாத்திரை தேடி வீட்டு மருந்து டப்பாவைக் கிளறியபோது அந்தச் சீட்டு கிடைத்தது. மனைவியின் கையெழுத்து: 'குடி பற்றிய கூட்டம். நூலக மாடி. ஞாயிறு நாலு மணி.' அதைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, நான் பார்க்கட்டுமென்று எழுதி வைத்திருக்கிறாள், பாவம்! உலகமே தன்னைச் சுற்றித்தான் சுழல்கிறது என்ற நினைப்பு குடிகாரனுக்கு லேசில் போகுமா? சரி, தலைகீழாக நின்றாவது போய்விடுவது என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வழக்கம்போல் மூன்று மணிக்குத் தையல் வகுப்புக்குக் கிளம்பிப் போனாள். அவர் முகம் மழித்து, தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு, தானே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். நூலக பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒயின் ஷாப் இருந்ததால், அதற்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பின்பக்கத் தெரு வழியாகத் திரும்பி நடந்தார்.

மாடி அறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஒரே ஒரு பெரியவர். இத்தனை பொம்பளைகளா குடிக்கிறார்கள் என்று மலைத்துப்போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டத்தை நடத்திய ஓய்வுபெற்ற நர்ஸ் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். முன்வரிசையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ரொம்பப் பழகிய குரல்.

"எட்டு மாசத்துக்கு முன்னால, அவரை எப்படி நிறுத்த வைக்கறதுன்னு கேக்கத்தான் வந்தேன். இப்ப அதுக்கு வரல. அவர் நிறுத்தினாலும் நிறுத்தாட்டியும் நான் நேரத்துக்குச் சாப்பிடணும், தூங்கணும். அதைப் பழகிக்கத்தான் வர்றேன். போன வாரம் ஒருநாள் அவர் எப்ப வந்தார்னே தெரியாது. அப்படித் தூங்கியிருக்கேன்."

பக்கத்தில் இருந்தவள் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். புருஷன் வந்தது தெரியாமல் தூங்கியதற்குப் பாராட்டு! மெக்கானிக் விருட்டென்று எழுந்தார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. மனைவி திரும்பிப் பார்த்தாள், முகத்தில் ஈயாடவில்லை.

"இங்கேயும் வந்துட்டீங்களா?"

அந்தக் கேள்வியில் அவருடைய கோபமெல்லாம் இறங்கிவிட்டது. ஒளிந்துகொள்ள ஒரே ஓர் இடம் வைத்திருந்தவளிடமிருந்து அதையும் பிடுங்க வந்தவனைப் பார்க்கிற பார்வை.

"நீங்க யாருக்காக வந்திருக்கீங்க, தம்பி?" என்று நர்ஸ் கேட்டார்.

"எனக்காகத்தாங்க. அவங்க இப்ப சொன்ன ஆளு நான்தான்." சீட்டை எடுத்து நீட்டினார். "எனக்குன்னு எழுதி வெச்சிருக்கான்னு நெனச்சேன்."

"அது நான் எனக்கு எழுதிக்கிட்டது" என்றாள் மனைவி.

"இது வீட்டு ஆளுங்களுக்கான கூட்டம். குடிக்கிறவங்களுக்கு இதே ரூம்ல அஞ்சரைக்கு. கீழ பெஞ்சுல உக்காருங்க" என்றார் நர்ஸ், பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பதுபோல.

கீழே அவர் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை அவமானத்துக்கு ஒரு கிளாஸ் போட்டால் என்ன என்று மனம் நச்சரித்தது. ஒயின் ஷாப்புக்கு நூறு அடிகூட இருக்காது. இரண்டு தடவை எழுந்து கேட்வரை போனார். இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரே பத்திரிகையை மூன்று முறை புரட்டினார். என்ன படித்தார் என்று கேட்டால் தெரியாது.

ஐந்து மணிக்கு மனைவி இறங்கி வந்தாள். கூட இருந்து உள்ளே அழைத்துப்போவாள் என்று ஒரு நப்பாசை. அவள் மூன்றடி தள்ளியே நின்றாள்.

"தையல் கிளாஸ்னு பொய் சொன்னது தப்புதான்."

"நான் சொன்ன பொய்யெல்லாம் எடுத்தா நீ சொன்னது ஒண்ணுமே இல்ல."

"நான் கெளம்பறேங்க. நீங்க உள்ள போறீங்களா, வேற எங்கயாவது போறீங்களான்னு நின்னு பாக்க மாட்டேன்."

"பாக்க வேணாம். போ."

அவள் திரும்பிப் பார்க்காமலே போனாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவருக்கு. முகத்தைக் கழுவிக்கொண்டு, ஐந்தரைக்கு முதல் ஆளாக மாடி ஏறினார்.

ஏழெட்டு ஆண்களும் ஒரு பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பஸ் டிரைவர் ஆரம்பித்து வைத்தார். பிறகு, "புதுசா வந்தவர் இஷ்டமிருந்தா பேசலாம், இல்லேன்னா சும்மா உக்காந்திருக்கலாம்" என்றார்.

மெக்கானிக் எழுந்து நின்றார். கை நடுங்கியது. அதை மறைக்கவில்லை.

"நான் குடிகாரன். இன்னியோட குடிக்காம நாலு நாள். என்னால வீட்டுல பட்ட கஷ்டத்துக்கு என் வீட்டுக்காரி இந்த ரூமுக்கு எட்டு மாசமா வர்றா. நான் இன்னிக்குத்தான் வர்றேன். அடுத்த வாரமும் வருவேன். அவ என்கூட இருந்தாலும், இல்லாட்டியும்."