இறங்காத ஒன்பதாம் நம்பர்

எர்வின் பிக்கா பதினாறு வருஷம் எங்கள் ஷிபோவ் நிலக்கரிச் சுரங்கக் கால்பந்து அணிக்கு முன்வரிசையில் ஆடினான். இருநூற்றுப் பதினோரு கோல் போட்டான். ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்குப் பந்தைக் கொடுத்த தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருபத்திரண்டு வருஷமாக அந்த அணியின் சட்டைகளைத் துவைக்கிறவள் நான். எனக்குத் தெரியாதா?

முழங்கால் தேய்ந்துபோய், நாற்பத்து மூன்று வயதில் அவன் கோச் ஆனபோது ஊரே சிரித்தது. கிளப் தலைவர் வாலோஷெக் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

"ஒருத்தனுக்கும் பாஸ் குடுக்காதவன் பதினோரு பேருக்கு என்னய்யா சொல்லிக் குடுக்கப் போற? ஒரு சீசன் தரேன். மேல் டிவிஷனுக்கு ஏறலேன்னா மூட்டையக் கட்டு."

ஆட்டக்காரர்கள் எல்லோருமே சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்கள். குளித்தும் போகாத கரி இமையில் மை தீட்டியதுபோல் இருக்கும். எர்வின் ஷிஃப்ட் பலகையைப் பார்த்துத்தான் பயிற்சி நேரத்தை வைத்தான். கோல் போட்டவனைக் கண்டுகொள்ள மாட்டான், பாஸ் கொடுத்தவனைத்தான் தட்டிக்கொடுப்பான். யார் எதைச் சொல்வது என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஆனாலும் அணி ஜெயித்துக்கொண்டே வந்தது.

எங்கள் டிவிஷனில் ஆள் பஞ்சம். அதனால் கோச்சும் மாற்று ஆட்டக்காரராகப் பெயர் கொடுத்து, அணிச் சட்டைக்கு மேல் ஜாக்கெட் மாட்டி உட்கார்ந்திருப்பது வழக்கம். எர்வினும் தன் ஒன்பதாம் நம்பரை விடவில்லை. ஆனால் அந்த சீசன் முழுக்க ஒருமுறைகூட இறங்கவில்லை.

ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேலே ஏறலாம். டிரா ஆனாலே எர்வினுக்கு வேலை போச்சு. எண்பத்தெட்டாம் நிமிடத்திலும் ஒன்றுக்கு ஒன்று. "எர்வின், இறங்குடா!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. வாலோஷெக் பாதி கடித்த சாசேஜும் கையுமாக ஓடி வந்தார்.

"என்ன குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க? நீயே போய் அடிச்சுத் தொலை!"

அப்போது எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. எர்வின் எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தான். கோட்டருகே போய்க் கைகளை உதறினான். எதிரணிக்குக் கதி கலங்கிவிட்டது.

"பிக்கா வரான்! அவன யாருடா பாத்துக்கறது?"

"நீ பாத்துக்க."

"நான் எதுக்கு? நீதான நெட்டை!"

தடுக்க வேண்டிய இரண்டு பேரும் எர்வினைப் பார்த்தபடி சண்டை போட, எங்கள் ஆள் மூலையிலிருந்து பந்தை உதைத்துவிட்டான். கோல் வாசலில் கேட்பாரில்லாமல் நின்ற எங்கள் ஆட்டக்காரன் அலோய்ஸ் தலையால் ஒரே முட்டு. கோல்!

விசில் ஊதியதும் ஊரே உள்ளே பாய்ந்து அலோய்ஸைத் தோளில் தூக்கியது. கீழே நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியவன் எர்வின்தான். நான் அழுதுவிட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

வாலோஷெக் மூச்சு வாங்கினார். "நல்லவேளை, நீ இறங்கறதுக்குள்ள கோல் விழுந்துச்சு."

"இறங்கறதா? என் கால கொஞ்சம் பாருங்க தலைவரே."

குனிந்து பார்த்தோம். காலையில் சர்ச்சுக்குப் போட்டுப்போன கறுப்புத் தோல் ஷூ, பளபளவென்று.

"நான் ஜாக்கெட்டக் கழட்டினா காத்திருக்காம அடிங்கடான்னு பசங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்," என்றான்.

வாலோஷெக் நிமிர்ந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"அடுத்த சீசனுக்கு உங்களுக்கு என்ன வேணும், கோச்?"

எர்வின் ஒன்பதாம் நம்பர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

"இதப் போட்டுக்க ஒரு ஆளு."