உறங்கிக் கிடந்த முன்சில்லுகள்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நியூசிலாந்தில், ஓக்லாந்தின் கிளென் ஈடனில் இருந்தோம். குளிர்காலத்தில் தெற்கே பனிமலை பார்க்கப் போவதற்காக, ஜப்பானிலிருந்து வந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கினோம். எந்நேரமும் நாலு சில்லும் இழுக்கும் வண்டியைத்தான் நான் கேட்டேன்.

"தேவைப்படேக்க லீவரைப் போட்டால் காணும். பெற்றோலும் மிச்சம்" என்று கணவர், வழக்கமாகப் பின்சில்லுகள் மட்டும் இழுக்க, லீவரைப் போட்டால் முன்சில்லுகளும் சேரும் மற்ற வகையைத் தெரிவு செய்தார்.

மலையேற்றத்தில் பனி கொட்டியது. லீவரைப் போட்டார், நாலு சில்லும் இழுப்பதாகக் காட்டும் விளக்கும் எரிந்தது. ஆனாலும் வண்டி மெல்லப் பின்னோக்கி வழுக்கியது. ஒரு சத்தமும் இல்லை. உறக்கத்தில் யாரோ கட்டிலோடு இழுத்துப் போவதுபோல் இருந்தது, பயப்படவே தோன்றவில்லை. ஓரத்துப் பனிமேட்டில் முட்டி நின்ற பிறகுதான் அதற்கப்பால் கிடந்த பள்ளத்தைக் கண்டேன்.

பனிக்குள் இறங்கினேன். அவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, பின்சில்லுகள் மட்டும் சுழன்றன. முன்சில்லுகளின் நடுவில் கையால் திருப்பிப் பூட்டும் குமிழ்கள் இருந்தன. அவற்றைப் பூட்டினால்தான் லீவர் போட்டதும் முன்சில்லுகள் இழுக்கும்; இரண்டும் திறந்தே கிடந்தன.

"இஞ்சேருங்கோ, இதைப் பூட்டேல்லையோ?"

"ஐயோ, லீவரைப் போட்டால் காணும் எண்டெல்லோ நினைச்சன்!"

நானே இரண்டையும் பூட்டினேன். வண்டி ஏறியது.

இப்போதெல்லாம் வண்டி தெரிவு செய்வது நான்தான். விற்பவரிடம் ஒன்றை மட்டும் கேட்பேன்: இதை ஓட்டுகிறவரின் மனைவி பனிக்குள் இறங்க வேண்டி வருமா?